ரட்ஜி கடற்கரையும் தாதியர் தலைமையும்: உணர்வை ஆளுதல் பற்றிய ஒரு வரலாற்றுப் பார்வை

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று பொருட்பாலில் அமைச்சரைப் பற்றிப் பேசும் பகுதியில் வருவது. மற்றொன்று காமத்துப்பாலில் வருவது. பிறர் வாய்திறந்து சொல்லாததை அவர் முகத்தில் கண்டறியும் திறன் அரசவைக்கும் வேண்டும், காதலுக்கும் வேண்டும் என்று வள்ளுவர் கருதினார் போலும். அந்நூலிலேயே ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதியில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக ஒருவர் வருகிறார். அவர் நோயாளியின் அருகிலிருந்து தொண்டு செய்பவர். ‘உழைச்செல்வான்’ என்பது வள்ளுவர் அவருக்கு இட்ட பெயர். ஆண்பால் விகுதியோடு நிற்கும் இச்சொல்லுக்கும், இன்று நம் நாட்டில் ‘தாதி’ என்றதும் மனக்கண்ணில் தோன்றும் பெண்ணுருவத்துக்கும் இடையே நெடிய தொலைவு உண்டு. உரையாசிரியர் பரிமேலழகர், அத்தொண்டருக்கு நோயாளியிடத்து அன்பும் வேண்டும், அறிவும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே கூறுகிறார். அமைச்சருக்குரிய குறிப்பறிதலும் இத்தொண்டருக்குரிய அன்பும் அறிவும் ஒருவரிடத்தே கூடும்போது பிறப்பதையே தாதியர் தலைமை எனலாம்.

இதனை இக்காலத்தார் ‘உணர்வுசார் நுண்ணறிவு’ என்பர். பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்னும் உளவியலாளர் இருவர் 1990இல் இதனை ஓர் ஆய்வுக்கருத்தாக வரையறுத்தனர். தன் உணர்வையும் பிறர் உணர்வையும் இனங்கண்டு, அந்த அறிவைக் கொண்டு எண்ணவும் செயற்படவும் வல்ல திறன் என்பது அவர்கள் கருத்தின் சாரம். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் இதனை உலகெங்கும் பரப்பிற்று. இன்று தாதியருக்கான தலைமைத்துவப் பயிற்சிகளில் இச்சொல் தவறாது இடம்பெறுகிறது. எனினும், பதற்றமடையாதே, கண்ணீரை அடக்கு, முகத்தில் எதையும் காட்டாதே என்பதாகவே அது பல வேளைகளில் சுருங்கிவிடுகிறது. அவ்வாறு சுருக்குவது சரிதானா என்று கேட்பதற்கு நம் மண்ணிலேயே தொடங்கிய ஒரு வரலாறு உண்டு. மலாக்காவிலும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரின் காத்தோங் பகுதியிலும் பணியாற்றிய ஆஸ்திரேலியப் படைத் தாதியரின் வரலாறு அது.

1941 பிப்ரவரியில் ‘குயின் மேரி’ கப்பலில் சிங்கப்பூர் வந்திறங்கிய ஆஸ்திரேலியப் படையோடு அந்நாட்டின் 10ஆம் பொது மருத்துவமனைப் பிரிவும் வந்தது. மலாக்கா அரசு மருத்துவமனையின் ஒரு பகுதியில் அது இயங்கிற்று. அதன் தலைமைத் தாதி ஆலிவ் பாஷ்கி. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 13ஆம் பிரிவு முதலில் காத்தோங்கிலிருந்த புனித பேட்ரிக் பள்ளியிலும், பின்னர் ஜொகூர் பாருவை அடுத்த தம்போயிலும் அமைந்தது. அதன் தலைமைத் தாதி ஐரின் டிரம்மண்ட். அக்காலத்தில் இப்பதவியினரை ‘மேட்ரன்’ என்றே அழைத்தனர். மேட்ரன் என்றால் கண்டிப்பு, விறைப்பான உடை, நடைகூடத்தில் ஒலிக்கும் காலடியோசை என்னும் படிமம் நமக்குண்டு. இவ்விருவரையும் குறித்துப் பிழைத்திருந்த தாதியர் பின்னர்ச் சொல்லியவற்றிலும் எழுதியவற்றிலும் கண்டிப்பைக் காட்டிலும் பரிவே மிகுதியாகத் தென்படுகிறது.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. இரண்டே மாதங்களில் இரு பிரிவுகளும் பின்வாங்கிச் சிங்கப்பூருக்குள் ஒடுங்கின. 13ஆம் பிரிவு மீண்டும் புனித பேட்ரிக் பள்ளிக்கே வந்தது. கிறிஸ்துமஸ் நாளன்று ஹாங்காங்கில் ஒரு தற்காலிக மருத்துவமனையில் தாதியருக்கு நேர்ந்த கொடுமைகள் பற்றிய செய்தியும் வந்து சேர்ந்திருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவப் பிரிவின் தலைவர் கர்னல் டெர்ஹாம், தாதியரை அப்புறப்படுத்துமாறு தளபதி கோர்டன் பென்னட்டைக் கேட்டார். பென்னட் மறுத்தார். தாதியர் கிளம்பினால் ஊர்மக்களின் மனவுறுதி குலைந்துவிடும் என்பது அவர் காட்டிய காரணம்.

இம்மறுப்பை எளிதில் கடந்து செல்ல என்னால் இயலவில்லை. பெண்களின் அமைதியான முகம் ஊராரின் அச்சத்தைத் தணிக்கும் கருவியாயிற்று. அந்த முகத்துக்கு உரியவர்களின் அச்சம் கணக்கில் வரவில்லை. உணர்வை ஆள்வது பெண்ணின் கடமையென்று கூறும்போது, அதனால் பயன்பெறுபவர் யார் என்னும் வினாவும் உடன் எழவேண்டும். இக்கதையில் அவ்வினா மீண்டும் மீண்டும் தலைகாட்டும்.

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் நிலைமை கைமீறியபின் தாதியரைக் காயமுற்றோருடன் சிறு சிறு குழுக்களாகக் கப்பலேற்றினர். தாமே முன்வந்து புறப்படுவோர் யார் என்று கேட்டபோது எவரும் முன்வரவில்லை. நோயாளிகளை விட்டுச் செல்வதைத் துரோகமென்றே அவர்கள் எண்ணினர். ஆகவே மேட்ரன்கள் பெயர்களைத் தெரிவு செய்து ஆணையிட வேண்டியதாயிற்று. பாஷ்கியும் டிரம்மண்டும் தங்கள் பெயர்களைக் கடைசிக் குழுவில் வைத்துக்கொண்டனர். 1942 பிப்ரவரி 12ஆம் நாள், எரிந்துகொண்டிருந்த சிங்கப்பூரிலிருந்து 65 தாதியர் ‘வைனர் புரூக்’ என்னும் கப்பலில் புறப்பட்டனர். சரவாக் மன்னரின் பெயர் தாங்கிய அச்சிறு கப்பலில் அன்று பெண்களும் குழந்தைகளுமாய் ஏறக்குறைய இருநூறு பேர் நெருக்கியடித்திருந்தனர்.

கப்பலில் பாஷ்கி செய்ததைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். கப்பல் தாக்கப்படக்கூடும் என்பதை அவர் மறைக்கவில்லை. தாதியரை அழைத்து, கப்பலைக் கைவிட நேர்ந்தால் யார் எப்பகுதியைப் பார்ப்பது, யாரிடம் மருந்தும் கட்டுத்துணியும் இருப்பது என்றெல்லாம் வகுத்தார். குடிமக்கள் முதலில் இறங்கவேண்டும், தாதியர் கடைசியில் என்றும் கூறினார். அஞ்சியிருப்பவரிடம் ‘அஞ்சாதே’ என்று சொல்வதால் அச்சம் நீங்குவதில்லை. செய்வதற்கு ஒரு வேலை கையில் இருக்கும்போது அச்சத்துக்கும் ஒரு வரம்பு உண்டாகிறது. பிப்ரவரி 14 பிற்பகல், பங்கா நீரிணையில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அரைமணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கியது. வகுத்தபடியே தாதியர் செயற்பட்டனர். 12 பேர் கடலில் மாண்டனர். அவர்களுள் பாஷ்கியும் ஒருவர். அவர் இருந்த தெப்பத்தில் பாரம் மிகுந்திருந்ததால் பெட்டி ஜெஃப்ரி, ஐயோல் ஹார்ப்பர் என்னும் தாதியர் இருவர் நீரில் இறங்கி அருகே நீந்தினர். நீரோட்டம் தெப்பத்தைக் கடலுக்கு இழுத்துச் சென்றுவிட்டது. இறங்கி நீந்திய இருவரே பிழைத்தனர்.

டிரம்மண்ட் பங்கா தீவின் ரட்ஜி கடற்கரையில் ஒதுங்கினார். தாதியர் 22 பேரும், காயமுற்றோரும், பெண்களும் குழந்தைகளும், பின்னர் வேறொரு படகில் வந்த ஆங்கிலேயப் படைவீரரும் அங்கே கூடினர். உணவில்லை. குழந்தைகள் அழுதுகொண்டிருந்தனர். சரணடைவதைத் தவிர வேறு வழியில்லையென்று முடிவாயிற்று. பிப்ரவரி 16 காலையில் கப்பல் அதிகாரியொருவர் ஜப்பானியரை அழைத்துவர மூந்தோக் நகருக்குச் சென்றார். அவர் திரும்பும்வரை காத்திருப்பதுதான் திட்டம். அதனிடையே டிரம்மண்ட் ஒரு யோசனை கூறினார்: பெண்களும் குழந்தைகளும் காத்திராமல் மூந்தோக்கை நோக்கி இப்போதே நடக்கத் தொடங்கட்டும்; தாதியர் காயமுற்றோருடன் தங்குவர். அவ்வாறே பெண்கள் குழந்தைகளோடு கிளம்பினர். காயமுற்ற கணவரைப் பிரிய மனமில்லாத பெண்ணொருத்தி மட்டும் தங்கிவிட்டார்.

நடந்து சென்றவர்கள் உயிர் பிழைத்தனர். வந்த ஜப்பானியப் படையினர் ஆடவரைப் பிரித்துக் கடல்முனைக்கு அப்பால் கொண்டுசென்று கொன்றனர். பிறகு தாதியரையும் அந்தப் பெண்ணையும் கடலுக்குள் நடக்கும்படி ஆணையிட்டனர். இடுப்பளவு நீரில் அவர்கள் நிற்கையில் பின்னாலிருந்து இயந்திரத் துப்பாக்கி முழங்கியது. அவ்வேளையில் டிரம்மண்ட் தம் தாதியரை நோக்கித் தாம் அவர்களைப் பற்றிப் பெருமைப்படுவதாகவும் அவர்களை நேசிப்பதாகவும் கூறியதாகப் பிழைத்த ஒருவர் பின்னர் நினைவுகூர்ந்தார். அந்த ஒருவர், 13ஆம் பிரிவைச் சேர்ந்த விவியன் புல்விங்கல். அப்போது அவருக்கு வயது 26.

டிரம்மண்டின் இறுதிச் சொற்களே பெரிதும் நினைவுகூரப்படுகின்றன. அவர் தலைமையின் சிறப்பை அதற்கு முந்தைய காலைப்பொழுதிலும் காணவேண்டும் என்பேன். அழும் குழந்தைகளையும் சோர்ந்த தாய்மாரையும் பார்த்து, இவர்களால் இனியும் காத்திருக்க முடியாது, நடப்பதே இவர்களுக்கு நல்லது என்று உணர்ந்தாரே, அதுதான் குறிப்பறிதல். அந்த முடிவு பல உயிர்களைக் காத்தது. அதனை எடுத்தவருக்கு விளைவைக் காணும் வாய்ப்பு வாய்க்கவில்லை.

குண்டு இடுப்பின் மேற்பகுதியைத் துளைத்துச் சென்ற புல்விங்கல், இறந்தவர்போல் நீரில் மிதந்து, படையினர் போனபின் கரையேறினார். காட்டுக்குள் மயங்கிக் கிடந்து விழித்தபின், குத்துண்டும் உயிரோடிருந்த கிங்ஸ்லி என்னும் ஆங்கிலேய வீரரைக் கண்டார். ஏறக்குறைய 12 நாள் அவருக்குப் பணிவிடை செய்தார். உணவு கேட்டு அருகிலிருந்த சிற்றூருக்குச் சென்றபோது ஆடவர் மறுத்துவிட்டனர். ஜப்பானியருக்கு அஞ்சிய மறுப்பு அது, அதில் வியப்பில்லை. ஆனால் அவர் திரும்பி நடக்கையில் அவ்வூர்ப் பெண்கள் மறைவாகப் பின்தொடர்ந்து உணவைக் கொடுத்துச் சென்றனர். பதவியோ பயிற்சியோ இல்லாத அப்பெண்களை இந்த வரலாற்றிலிருந்து விட்டுவிடுவது முறையன்று.

பின்பு இருவரும் சரணடைந்தனர். உடையிலிருந்த குண்டுத் துளையைத் தோளில் தொங்கிய நீர்ப்புட்டியால் மறைத்தவாறே புல்விங்கல் மூந்தோக் முகாமுக்குள் நுழைந்தார். கிங்ஸ்லி சில நாள்களில் இறந்தார். முகாமில் புல்விங்கல் தம் தோழியரைக் கண்டு நடந்ததைக் கூறினார். கேட்டவர்கள் உடனே ஒரு முடிவுக்கு வந்தனர். படுகொலைக்குச் சாட்சி ஒருவர் உயிரோடு இருப்பதை ஜப்பானியர் அறிந்தால் அவரைக் கொல்வர். உடன் அறிந்தவரையும் கொல்வர். ஆகவே இதனை இனி யாரும் பேசக்கூடாது. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரின் இருமல்கூட எல்லார்க்கும் தெரிந்துவிடும் முகாமில், மூன்றரை ஆண்டுக்காலம் அவ்விரகசியம் காக்கப்பட்டது. 21 தோழியரை இழந்த துயரத்துக்கு வெளிப்படையாக அழவும் அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை.

அவர்கள் 32 பேர். இரு மேட்ரன்களும் மாண்டபின், 10ஆம் பிரிவினருக்கு நெஸ்டா ஜேம்ஸும் 13ஆம் பிரிவினருக்கு ஜீன் ஆஷ்டனும் தலைமையேற்றனர். பாலெம்பாங்கில் ஜப்பானிய அதிகாரிகள் தங்களுக்கென ஒரு கேளிக்கை விடுதி அமைத்து, தாதியரை அங்கு வருமாறு பணித்தனர். நோக்கம் வெளிப்படை. மறுத்தால் உணவு நிற்கும். சிலர் மட்டும் சென்றால் அவர்கள் கதி என்னாகும்? தாதியர் பெருங்கூட்டமாகவே சென்றனர். தலையை அலங்கோலமாக்கி, உடையை அழுக்காக்கி, இயன்றவரை அருவருப்பாகத் தோன்றும்படி போய் அமர்ந்தனர். என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டபோது பால் கேட்டனர். அதிகாரிகளின் எரிச்சல் எந்த அளவுக்கு ஏறலாம், எந்த இடத்தில் அது வன்முறையாக மாறும் என்று கணித்து நடந்துகொண்ட மாலைப்பொழுது அது. நகைப்புக்குரியதுபோல் தோன்றும் இந்நிகழ்ச்சியை உணர்வுசார் நுண்ணறிவுக்கு எடுத்துக்காட்டாக எந்தப் பயிற்சிக் கையேடும் காட்டி நான் கண்டதில்லை.

அம்முகாமில் தாதியரல்லாத பெண்களும் தலைமை தாங்கினர். சிங்கப்பூரில் சமயப்பணியும் கல்விப்பணியும் ஆற்றிய மார்கரெட் டிரைபர்க், நோரா சேம்பர்ஸ் என்பவரோடு சேர்ந்து, இசைக்கருவிகளின் ஒலியைக் குரலாலேயே எழுப்பும் குழுவொன்றை அமைத்தார். 1943 டிசம்பர் 27இல் அதன் முதல் நிகழ்ச்சி நடந்தது. தாதியர் சிலரும் அதில் பாடினர். 1945இல் பாடியவர்கள் ஒவ்வொருவராய் இறக்க, குழு ஓய்ந்தது.

அவ்வாண்டுதான் மிகக் கொடியது. பசியும் மலேரியாவும் பெரிபெரியும் முகாமை அரித்தன. எட்டுத் தாதியர் இறந்தனர். எட்டாமவர் இறந்தது ஆகஸ்டு 18இல். ஜப்பான் சரணடைந்து அப்போது மூன்று நாள்கள் ஆகியிருந்தன. போர் முடிந்த செய்தி முகாமுக்கு எட்டியிருக்கவில்லை. செப்டம்பரில் விமானத்தில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தவர்கள் 24 பேர். கிழிந்து தைத்த பழைய சீருடைகளையே அவர்கள் அணிந்திருந்தனர்.

போருக்குப்பின் புல்விங்கலும் பெட்டி ஜெஃப்ரியும் விக்டோரியா மாநிலம் முழுதும் காரோட்டிச் சென்று நிதி திரட்டினர். மாண்டவர் நினைவாக, உயிரோடிருக்கும் தாதியருக்குப் பயன்படும் நிலையமொன்றை அமைப்பது அவர்கள் நோக்கம். மெல்பர்னில் 1950இல் தாதியர் நினைவு நிலையம் திறக்கப்பட்டது. புல்விங்கல் 1961 முதல் 1977 வரை அந்நகரின் ஃபேர்ஃபீல்ட் தொற்றுநோய் மருத்துவமனையில் மேட்ரனாகப் பணியாற்றினார். 1975இல் வியட்நாமியக் குழந்தைகளை விமானத்தில் அழைத்துவந்த பணியிலும் பங்குகொண்டார். நாடு அவரைப் போற்றியது. அப்போற்றுதலில் அடிக்கடி வந்த சொற்கள் அமைதி, பொறுமை, கசப்பின்மை என்பன.

அவர் 1946 டிசம்பரில் டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்திருந்தார். நிதானமான, சுருக்கமான சாட்சியம். புல்விங்கல் 2000இல் மறைந்தபின், அச்சுருக்கத்துக்கு வேறொரு காரணமும் இருந்ததாக ஆய்வாளர் கூறலாயினர். வரலாற்றாய்வாளர் லினெட் சில்வர் 2019இல் வெளியிட்ட நூலில், சுடப்படுவதற்கு முன் தாதியர் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர் என்றும், அதனைச் சாட்சியத்தில் கூறவேண்டாமென்று ஆஸ்திரேலிய அதிகாரிகள் புல்விங்கலைத் தடுத்தனர் என்றும் சான்றுகளைத் தொகுத்து வாதிட்டார். புல்விங்கலே முதுமையில் ஒரு பத்திரிகையாளரிடம் இதனைத் தெரிவித்து, சொல்லமுடியாமற் போனது தம்மை வருத்தியதாகக் கூறினார் என்பதும் வெளிவந்தது.

இதனை ஏற்றால், புல்விங்கலின் வாழ்வில் இரண்டு மௌனங்கள் இருந்தன என்றாகிறது. முகாமில் காத்த மௌனம் தாதியர் தாமே கூடி எடுத்த முடிவு. ஓர் உயிரைக் காப்பதற்காக, ஒருவர் துயரத்தை மற்றவர் அறிந்து, பகிர்ந்து சுமந்த மௌனம் அது. டோக்கியோவில் காத்த மௌனம் மேலிருந்து விதிக்கப்பட்டது. குடும்பங்களின் மனம் நோகும், நாட்டின் மானம் போகும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். அதனைச் சுமந்தவர் அவர் ஒருவரே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்: கலங்காத முகம், அளந்த சொல். இரண்டையும் ‘தன்னடக்கம்’ என்னும் ஒரே சொல்லால் பாராட்டிவிட்டோம். பென்னட் 1942இல் தாதியரின் முகத்தைக் கொண்டு ஊரின் அச்சத்தைத் தணிக்க எண்ணியதையும் இரண்டாவது மௌனத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அவற்றிடையே உள்ள உறவு விளங்கும்.

போரில்லாக் காலத்து மருத்துவமனைகளிலும் இவ்வேறுபாடு மறைந்தே கிடந்தது. 1960 அளவில் இசபெல் மென்சிஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர் லண்டன் மருத்துவமனையொன்றின் தாதியரை ஆராய்ந்தார். நோயாளியைப் பெயரால் குறிப்பிடாமல் படுக்கை எண்ணாலும் பழுதுற்ற உறுப்பாலும் குறிப்பிடுவது, ஒருவரிடமே நெடுநேரம் பழகவிடாமல் வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, மனம் கலங்கிய இளந்தாதியைக் கடிந்துகொள்வது ஆகியவை அங்கே வழக்கமாயிருந்தன. இவையெல்லாம் பதற்றத்திலிருந்து தப்புவதற்கு அந்நிறுவனம் தனக்குத்தானே கட்டிக்கொண்ட அரண் என்று அவர் விளக்கினார். அரண் பதற்றத்தைத் தீர்க்கவில்லை, கூட்டிற்று. பயிற்சித் தாதியருள் மூன்றிலொரு பங்கினர் படிப்பை முடிக்காமலே விலகினர். விலகியவருள் பலர் திறனிலோ அக்கறையிலோ குறைந்தவரல்லர். நோயாளியின் துன்பத்தை நெருங்கி உணரக்கூடியவரையே அம்முறை வெளியேற்றியது.

ஆசிரியப் பெருமக்கள் வகுப்பில் இவ்வரலாற்றைக் கூற நேர்ந்தால், ரட்ஜி கடற்கரையின் வீரத்தோடு நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். பாஷ்கி அச்சத்தை மறைக்காமல் வேலையாகப் பகிர்ந்தார். டிரம்மண்ட் தம் அன்பை வாய்விட்டுச் சொன்னார். ஜேம்ஸும் ஆஷ்டனும் ஏற்ற தலைமையின் கீழ், ஒருவர் இரகசியம் முப்பது பேரின் பொறுப்பாயிற்று. உணர்ச்சியை ஒழித்துக்கட்டியவர் இவர்களுள் எவருமில்லை. இறுதியில் ஒருவரைத் தனியே நிறுத்தி, ‘இதனைச் சொல்லாதே’ என்றவர்கள் தாதியரல்லர்.

புல்விங்கலின் சீருடை கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளது. குண்டு புகுந்த துளையும் வெளியேறிய துளையும் அதில் தெரிகின்றன. சில்வர் தம் வாதத்துக்குச் சான்றாகப் பார்த்தவற்றுள் அவ்வுடையும் ஒன்று. பல்லாண்டுகளாகப் பார்வையாளர் கண்முன் இருந்த உடையில், குண்டுத் துளைகளையன்றி வேறெதையும் தேடப் பலருக்கும் தோன்றியிருக்கவில்லை. 2023 ஆகஸ்டில் அந்நினைவகத்தின் வளாகத்தில் புல்விங்கலுக்குச் சிலை எழுப்பப்பட்டது. அதன் அடித்தளத்தில் 22 வட்டத் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அவை 1942 பிப்ரவரி 16 இரவு வானில் தெரிந்திருக்கக்கூடிய விண்மீன்களின் அமைப்பில் உள்ளன. தாதியர் 21 பேருக்கும், கணவரைப் பிரிய மறுத்துக் கடற்கரையில் தங்கிய அந்தப் பெண்ணுக்குமாக 22.